நண்பர் வீட்டு மரத்தோணியைத் திருத்துவது எப்படி?

கேள்வி இதுதான். மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள நண்பர் ஒருவரின் அப்பப்பா தன் கையால் செய்த, பாய்த்தோணியின் சின்ன மாதிரி ஒன்று, ஏறக்குறைய இரண்டடி நீளம். அலுமாரிக்கு மேலிருந்து விழுந்ததில் பாய்மரம் முறிந்துவிட்டது. பக்கப் பலகை இரண்டு கழன்று நிற்கின்றன. கயிறாகக் கட்டிய நூல்கள் தொட்டாலே பொடிகின்றன. அடியில் மெல்லிய மாத்தூள் கொட்டுகிறது. “நான் திருத்தித் தாறன்” என்று வாங்கிவந்துவிட்டேன், பெயின்ற்றும் பசையும் வாங்கி வைத்தாயிற்று, எங்கே தொடங்குவது?

முதலில் அந்தப் பெயின்ற் ரின்னைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பழைய சாமான்களில் நான் பார்த்த மோசமான சேதம் பெரும்பாலும் திருத்தப் போனவர்களின் கையால் வந்ததுதான். முறிந்த பாய்மரத்தை எந்தக் காலத்திலும் ஒட்டலாம். அப்பப்பா பூசிய பழைய நிறத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே பளபளவென்று எனாமல் அடித்தால், அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. உங்கள் சொந்தத் தோணி என்றால் விருப்பம்போல் செய்யலாம். இது இன்னொருவர் வீட்டுச் சாமான். உடைந்ததை ஒட்டித் தர அவர் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே கைவைக்க வேண்டிய இடத்தில் மட்டும் கைவையுங்கள். வைக்கும் எதையும் பிறகு வேறொருவர் சேதமில்லாமல் கழற்றக்கூடிய விதமாக வையுங்கள். கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

பசையைத் திறக்க முன் நண்பரோடு கதையுங்கள். தோணியை நடுவில் வைத்து, எதைத் தொடக்கூடாது என்று கேளுங்கள். அணியத்தில், அதாவது தோணியின் முன்முனையில், கோணலாக எழுதிய பெயர், சின்ன வயதில் அவரே பேனையால் கிறுக்கிய கோடு, சாமியறையில் இருந்ததால் படிந்த சாம்பிராணிப் புகை, இதெல்லாம் உங்கள் கண்ணுக்கு அழுக்கு. அவருக்கு அப்படி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். “எல்லாத்தையும் புதுசாக்கித் தா” என்றாலும் உடனே தலையாட்டாதீர்கள். பின்பக்கம் ஒரு சின்ன இடத்தைத் துடைத்துக் காட்டி, இந்த அளவு போதுமா என்று கேளுங்கள். அதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் போதும் என்றுதான் சொல்வார்கள். வேலைக்குக் காசு வாங்க வேண்டாம், ஆனால் நூலையும் பசையையும் அவர் வாங்கித் தரட்டும். திகதி மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கலியாணத்துக்குள், திருவிழாவுக்குள் என்று நாள் குறித்தால், பசை காயமுன்னே கயிறு இழுக்க வேண்டி வரும்.

அது என்ன வகைத் தோணி என்றும் கேட்டு வையுங்கள். வாவியில் ஓடுகிற, பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டிய ஒடுங்கிய தோணியா, கரைவலை ஏற்றிப் போகிற அகன்ற தோணியா, இரண்டு பாய்மரம் வைத்த சரக்குத் தோணியா என்பது தெரிந்தால்தான் எந்தக் கயிறு எங்கே போகும் என்பது விளங்கும். இரண்டு பாய்மரம் என்றால் “இது அன்னபூரணி” என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை போனது. அதன் படங்கள் கிடைக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் படத்துக்கு ஏற்றபடி தோணியை மாற்றப் போகாதீர்கள். செய்தவர் கண்ணால் கண்டதைச் செய்திருப்பார், அல்லது ஞாபகத்தில் இருந்ததைச் செய்திருப்பார். எதுவானாலும் அது அவருடைய தோணி. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் பார்க்கும் இடமெல்லாம் ஃபைபர் படகுகள்தான். மரத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் வாவிப் பக்கம் தேடிப் பாருங்கள். தோணி கட்டும் வயதான ஓடாவி ஒருவர் அகப்பட்டால் இன்னும் நல்லது. மாதிரியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், எது எதற்கு என்று அவரே விரல் வைத்துக் காட்டுவார்.

இனி வேலை. வெள்ளைத் துணியில் வைத்து எல்லாப் பக்கமும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அடிமட்டம் கிடக்கட்டும். முடிச்சுகளைக் கிட்டவைத்துத் தனித்தனியாக எடுங்கள். கழன்ற துண்டு ஒவ்வொன்றையும் சின்னப் பொலித்தீன் பையில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி வையுங்கள். இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. நண்பருக்குப் போன் எடுத்து, அலுமாரிக்கு அடியில் கூட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். கயிறு ஓடும் சின்னக் கப்பிகளும் விரல் நகத்தளவு மரத்துண்டுகளும் அங்கேதான் கிடக்கும்.

அடுத்தது பூச்சி. மற்ற எதுவும் இதற்குப் பிறகுதான். கொட்டுகிற தூளை வெள்ளைத் தாளில் எடுத்து விரலால் தேயுங்கள். மாவாக வழுக்கினால் மரத்தைத் துளைக்கும் வண்டு. குரக்கன் போலச் சின்னச் சின்ன மணிகளாக நெருடினால் அது காய்ந்த மரத்தில் குடியிருக்கும் கறையான், மண்ணே இல்லாமல் மரத்துக்குள்ளேயே வாழ்கிற சாதி. இரண்டுக்கும் ஒரே மருந்து, குளிர். தோணியைத் தடித்த பொலித்தீனில் சுற்றி, உள்ளே இருக்கும் காற்றை அமத்தி வெளியேற்றி, வாயை ஒட்டி, சைபருக்குக் கீழ் 18 முதல் 20 பாகை வரை குளிரும் டீப் ஃபிரீசரில் இரண்டு கிழமை வைக்க வேண்டும். அருங்காட்சியகங்களிலும் இதே முறைதான். எடுத்த பிறகு பையை உடனே திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தால் ஈரம் பைக்கு வெளியேதான் படியும், மரத்தில் படியாது. இரண்டடித் தோணி வீட்டு ஃபிரிட்ஜில் போகாது. ஐஸ்கிரீம் விற்கும் கடையிலோ மீன் வாடியிலோ தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மீன் வாடி என்றால் பையை இரண்டாகப் போடுங்கள், இல்லாவிட்டால் தோணி சூரை மணத்தோடுதான் வீட்டுக்குப் போகும். செய்தவர் மீன்பிடிகாரர் என்றால் அவருக்கு அது குறையாகப் பட்டிருக்காது, அது வேறு கதை.

மண்ணெண்ணெய் ஊற்றுவது, கழிவு எஞ்சின் ஒயில் பூசுவது, இவை நம் பக்கம் எல்லோரும் சொல்லும் வைத்தியம். வேலித் தூணுக்குச் சரி. இங்கே வேண்டாம். எஞ்சின் ஒயில் ஒருநாளும் காயாது. மரம் கறுக்கும், பசை பிடிக்காது, பாய்த்துணியில் ஊறும். நப்தலின் உருண்டை மரத்துக்குள் இருக்கும் புழுவைத் தொடவே தொடாது.

பூச்சி செத்த பிறகு துடைக்கலாம். காய்ந்த, மெல்லிய தூரிகைதான் முதலில். மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வாருங்கள், தூசியை வாக்கும் கிளீனர் குழாயால் எட்டத்தில் பிடித்து இழுத்துவிடலாம். ஒட்டிப்போன அழுக்குக்குப் பஞ்சுக் குச்சியை எச்சிலில் நனைத்து உருட்டுங்கள். அருவருப்பாக இருந்தாலும் உண்மையான முறை. எச்சிலில் உள்ள நொதிகள் எண்ணெய்ப் பிசுக்கை மெதுவாகப் பிரிக்கும், பழைய நிறத்தை அவ்வளவாகக் கடிக்காது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர் தொட்ட பஞ்சு, பிழிந்து. பஞ்சில் நிறம் ஏறினால் அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். பழைய சிவப்பு, வெள்ளைப் பெயின்ற்றுகளில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்தபடி சாண்ட் பேப்பர் போடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மேசையை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

மேலே பூசியிருப்பது என்ன என்று அறிய, கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். அரக்கை அரக்காலேயே திருத்தலாம், நல்ல காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட்டுக்கு அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ் அல்லது பெயின்ற், அதை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்தி.

பலகைக்கு வருவோம். இங்கேதான் மட்டக்களப்புக் காலநிலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். மரம் நீளவாக்கில் அசைவது கிடையாது என்றே சொல்லலாம், அகலவாக்கில் நன்றாக அசையும். வைகாசி, ஆனியில் தொடங்கி வீசும் கச்சான் காற்றில் ஈரம் வற்றிப் பலகைகள் ஒடுங்கும், இடைவெளி வாய் பிளக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் அதே பலகை ஊதி இடைவெளியை மூடும். கச்சான் காலத்தில் தெரியும் விரிசலைப் பார்த்துவிட்டு, அதற்குள் மரத்தூளும் பசையும் குழைத்துக் கெட்டியாக அடைத்தீர்களென்றால், மாரியில் ஊத இடமில்லாமல் பக்கத்துப் பலகை வெடிக்கும். விழுந்ததால் வந்த பிளவு வேறு, காலத்தால் வந்த இடைவெளி வேறு. முன்னையதன் ஓரம் புதிதாக வெளிறிக் கூராக இருக்கும். பின்னையதற்குள் பழைய தூசி படிந்திருக்கும். தூசி படிந்ததை விட்டுவிடுங்கள். கண்ணை உறுத்தினால் தேன்மெழுகில் கொஞ்சம் நிறப்பொடி குழைத்துத் தடவலாம், மரம் ஊதும்போது மெழுகு விட்டுக்கொடுக்கும், வேண்டாம் என்றால் நகத்தாலேயே எடுத்துவிடலாம்.

கழன்ற இரண்டு பலகைகளின் உட்புறத்தில் பழைய பசை இருக்கும். அதைப் பார்க்காமல் புதுப் பசை தடவாதீர்கள். பழுப்பாக, கண்ணாடித் துண்டாக நொறுங்கினால் அது வச்சிரம், மாட்டுத்தோலில் காய்ச்சும் பசை. அதற்கு இளஞ்சூட்டுத் தண்ணீர்ப் பஞ்சு போதும். புது வச்சிரம் பழைய வச்சிரத்தில் நன்றாகப் பிடிக்கும். அது கிடைக்காவிட்டால் கேக் சாமான் கடையில் விற்கும் நிறமும் மணமும் இல்லாத ஜெலற்றின் தூளும் அதே குடும்பம்தான். மூன்று பங்கு தண்ணீரில் ஊறவைத்து, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே கரைக்க வேண்டும். கொதித்தால் வலு போய்விடும். வெள்ளையாக, றப்பராக இழுபட்டால் அது ஃபெவிகோல் வகை. யாரோ ஏற்கனவே ஒருமுறை திருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை ஸ்பிரிட் தொட்டு ஊறவைத்து முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் காய்ந்த வெள்ளைப் பசைமேல் புது வெள்ளைப் பசை பிடிக்காது. மஞ்சள் படிந்த கண்ணாடியாக, கல்லாக இருந்தால் அரல்டைட். அதற்குப் பொறுமையும் கூரான உளியும்தான்.

புதிதாக எதைப் போடுவது? என் தெரிவு சாதாரண வெள்ளை மரப்பசை. வச்சிரம் அழகான பசைதான், ஆனால் மாரி முழுக்க ஈரம் நிற்கும் வீட்டில் அது இளகும், பூஞ்சணம் பிடிக்கும், கரப்பான் தின்ன வரும். ஏற்கனவே வச்சிரத்தால் ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் அதையே போடுங்கள். சுப்பர் குளூவை மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். மரத்தின் நாருக்குள் ஓடி, வெள்ளைப் பூப் பூத்து, பிறகு எந்த நிறமும் ஏறாத திட்டாக நிற்கும். மரம் தேக்கு என்றால் ஒட்டும் முகத்தை அசிற்றோனால் ஒருமுறை துடைத்துவிட்டு ஒட்டுங்கள், அதன் எண்ணெய் பசையைத் தள்ளும்.

பலகை வளைவை இழந்திருந்தால் பலாத்காரமாக அமத்தக் கூடாது. தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, கேத்தில் ஆவியில் காட்டி, கையால் மெதுவாக வளைத்து, அப்படியே தோணியில் வைத்துப் பசையில்லாமல் கட்டிக் காயவிடுங்கள். அடுத்த நாள் அவிழ்த்துப் பசை போட்டுத் திரும்பக் கட்டுங்கள். பெயின்ற் உள்ள பலகையை முழுக்க ஊறவைக்க வேண்டாம், உட்புறத்தில் மட்டும் ஈரத்துணி போடுங்கள். கட்டுவதற்குக் கிளாம்ப் வாங்கத் தேவையில்லை. பழைய சைக்கிள் ட்யூபை அரை அங்குல நாடாக்களாக வெட்டுங்கள். அதைவிட நன்றாக வளைவோடு ஒட்டிப் பிடிக்கும் சாமான் எந்த ஹார்ட்வெயாரிலும் கிடையாது. ட்யூபுக்கும் மரத்துக்கும் இடையில் பொலித்தீன் துண்டு ஒன்று, பிதுங்கிய பசை ட்யூபில் பிடிக்காமலிருக்க. பிதுங்கியதை ஈரத் துணியால் அப்போதே துடையுங்கள். பழைய ஆணிகள் துருப்பிடித்த இரும்பு என்றால் துரு ஊதி மரத்தைப் பிளந்திருக்கும், சுற்றிலும் கறுப்புக் கறை இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு மூங்கில் ஆணி போடலாம். இரும்புத் தகட்டில் இறங்குவரிசையில் ஓட்டைகள் துளைத்து, மூங்கில் சிம்பை ஒவ்வோர் ஓட்டையாக இழுத்துக்கொண்டு வந்தால் நூல்போல் உருண்ட ஆணி வரும். அவசரத்துக்கு நன்றாகக் காய்ந்த தென்னை ஈர்க்கிலின் அடிப்பகுதியும் உதவும்.

பாய்மரம். இதில் அதிக நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் கண் முதலில் போவது அங்கேதான். முறிந்த இரண்டு முனைகளையும் சீவிச் சமப்படுத்துவதுதான் எல்லோரும் முதலில் செய்வது, அதைத்தான் செய்யக் கூடாது. சிம்பு சிம்பாக நிற்கும் அந்த முறிவு ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் பூட்டு. பசையில்லாமல் சேர்த்துப் பாருங்கள், சரியாகச் சேர்ந்தால் கோடு மட்டும்தான் தெரியும். மடிந்து நிற்கும் சிம்புகளை ஊசி முனையால் நிமிர்த்திவிடுங்கள். மெல்லிய தூரிகையால் எல்லாச் சிம்புக்கும் பசை போய்ச் சேரும்படி தடவி, சேர்த்து, பொலித்தீனைச் சுற்றி, அதன்மேல் தையல் நூலை நெருக்கமாக இறுகச் சுற்றுங்கள். பிறகு நேரான இரண்டு சட்டங்களை ஒன்றோடொன்று சாய்த்து வைத்து, நடுவில் வரும் பள்ளத்தில் கிடத்திவிடுங்கள். கண்ணளவில் நேர் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நுனியில் கண்ணை வைத்து மறு நுனியைப் பார்த்தபடி மெதுவாகச் சுழற்றினால் கோணல் உடனே தெரியும்.

நடுவில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் அல்லது பூச்சி தின்றிருந்தால் சாய்வு வெட்டு. ஒட்டும் முகத்தின் நீளம் மரத்தின் தடிப்பைப்போல் எட்டு மடங்கு இருக்க வேண்டும். ஆறு மில்லிமீற்றர் பாய்மரம் என்றால் ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் சீவினால் சாய்வு ஒன்றாக வரும். புதுத் துண்டுக்கு அதே மரம் வேண்டும், அதே நிறம் என்று தேட வேண்டாம், நாரின் நெருக்கம் ஒத்திருந்தால் போதும். தச்சுப் பட்டறையில் விழும் தேக்குத் துண்டுகளைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். முதிரை கிடைத்தாலும் எடுக்காதீர்கள். கல் மாதிரி மரம், பழையதோடு சேர்ந்து வளையாது, பக்கத்து நாரைத்தான் முறிக்கும். புதிதாகச் சீவும்போது உருண்டையாகச் சீவத் தொடங்காதீர்கள். முதலில் நாற்பட்டை, நுனிக்கு ஒடுங்கும் சரிவை அந்த நாற்பட்டையிலேயே கொண்டுவர வேண்டும். பிறகு முனைகளைச் சீவி எட்டுப்பட்டை, பிறகு பதினாறு, கடைசியில்தான் 220, பிறகு 320 சாண்ட் பேப்பர். நேரே உருட்டத் தொடங்கினால் நடு பருத்து நுனி நெளியும். அடிப்பாகம் தோணிக்குள் இறங்கும் குழியில் பசை போடாதீர்கள். பாய்மரம் அதுவாகவே நிற்க வேண்டும், கயிறுதான் பிடிக்க வேண்டும்.

பூச்சி தின்று பஞ்சாகிப்போன இடங்கள் உள்ளே இருந்தால், அரக்கை ஸ்பிரிட்டில் மிகவும் தண்ணீராகக் கரைத்து ஓட்டைகளில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குடிக்கும் வரை குடிக்கட்டும். ஒரு நாள் விட்டு இன்னொரு முறை. வெளியே வடிந்ததை ஸ்பிரிட் துணியால் துடைத்துவிடுங்கள்.

கயிறுகளைத்தான் பலர் பயந்து கடைசிக்குத் தள்ளுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அவசரமும் ஆகாது. பழைய நூலை வெட்டி எறிய முன் ஒவ்வொன்றிலும் ஒரு விரல் நீளம் எடுத்து உறையில் போட்டு, எங்கே இருந்தது என்று எழுதுங்கள். தடிப்பை அளக்க வழி: பென்சிலில் பத்துச் சுற்று, இடைவெளியில்லாமல் சுற்றி, அகலத்தை அளந்து பத்தால் பிரியுங்கள். எட்டு மில்லிமீற்றர் வந்தால் நூல் 0.8. பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கயிறுகள் ஒருநாளும் அசையாதவை. அவற்றுக்குத் தாரில் ஊறிய நிறமாகக் கறுப்பு அல்லது கடும் பழுப்பு பொருந்தும். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிறிய பழுப்பு. அப்பப்பா எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை நூலைக் கட்டியிருந்தால் நீங்களும் வெள்ளையே கட்டுங்கள்.

பருத்தி நூல்தான் பழையது என்றாலும், நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அது கொஞ்ச வருடம்தான் தாங்கும். லினன் நூல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மினுக்கம் குறைந்த பொலியெஸ்டர். தேயிலைச் சாயத்தில் நனைத்துப் பழையதாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், பொலியெஸ்டரில் தேயிலை ஏறாது, கடையிலேயே பழுப்பு நூலாகப் பார்த்து வாங்குங்கள். தங்கூசியை, அதாவது மீன்பிடி நைலோன் இழையை, நினைத்தும் பார்க்க வேண்டாம். கரை ஊரில் எந்த வீட்டிலும் கிடக்கும் என்பதால் கை அதற்குத்தான் போகும். ஆனால் சுருளிலிருந்து எடுத்த வளைவு அதை விட்டுப் போகாது, முடிச்சு வழுக்கும், பார்ப்பதற்கும் கயிறாகத் தெரியாது. நைலோன் நூலும் இழுபட்டுத் தொய்யும்.

கட்டும் ஒழுங்கு: உள்ளேயிருந்து வெளியே, கீழேயிருந்து மேலே. பாய்மரத்தின் இடப்பக்கம் ஒன்று கட்டினால் உடனே வலப்பக்கம் ஒன்று. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் பாய்மரம் முதல் பக்கத்துக்குச் சாய்ந்தே நிற்கும், பிறகு எதைச் செய்தாலும் நிமிராது. முடிச்சில் ஒரு துளி ஐதான வெள்ளைப் பசை, ஈரத்திலேயே ஓரத்தைத் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு நுனியை வெட்டுங்கள். நூல் லினன் அல்லது பருத்தி என்றால் கச்சான் காலத்தில் இழுத்து இறுக்கிவிடாதீர்கள். நார்க் கயிறு ஈரத்தில் சுருங்கும். மாரி வந்ததும் ஒட்டிய பாய்மரத்தையே அது இழுத்து வளைக்கும். நூல் நேராக நின்றால் போதும், விரலால் தட்டினால் சத்தம் வரக் கூடாது.

பாய்த்துணி கிழியாமல் இருந்தால் கழற்றி, காய்ச்சி வடித்த தண்ணீரில் சோப்பில்லாமல் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஒட்டி விரித்துக் காயவிடுங்கள். கஞ்சி போடாதீர்கள், அது பூச்சிக்குச் சாப்பாடு. கிழிந்திருந்தால் பின்பக்கம் மெல்லிய துணி வைத்து இரண்டு தையல். புதுப்பாய் தைப்பது கடைசி வழி. தைத்தாலும் பழையதை மடிக்காமல் சுருட்டி நண்பரிடம் கொடுங்கள்.

நிறம் போன இடங்களைப் பற்றி நான் கடும் போக்குத்தான். புதிதாகப் போட்ட மரத்துக்கு மட்டும் நிறம், பழைய நிறத்தின் மேல் ஒரு சொட்டும் ஏறக்கூடாது. முதலில் அந்தப் புது மரத்துக்கு அரக்கு ஒரு பூச்சு, அதன்மேல் தண்ணீர் நிறம், பழையதைவிட ஒரு பங்கு வெளிறலாக. கையெட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது, கிட்டக் குனிந்து பார்த்தால் தெரிய வேண்டும். பளபளப்பு வேண்டுமென்று முழுத் தோணிக்கும் வார்னிஷ் அடிக்கச் சொல்லி யாராவது வந்தால், வாவித் தோணிக்கு ஊரில் பூசியது சுறா எண்ணெய், அது எப்போது பளபளத்தது என்று கேளுங்கள்.

முடிந்ததும் எங்கே வைப்பது என்பதையும் நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் திரும்ப அலுமாரிக்கு மேலேதான் வைப்பார்கள். காலை வெயில் நேரே விழும் யன்னல் வேண்டாம். கடற்கரைப் பக்க வீடு என்றால் உப்புக்காற்று வரும் யன்னலும் வேண்டாம். வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தால் மாரியில் சுவர் ஈரம் ஏறும், உள்சுவர் பார்த்து வையுங்கள். கண்ணாடிப் பெட்டி செய்தால் தூசியும் பிள்ளைகளின் விரலும் போகாது, ஆனால் பின்பக்கம் கீழே இரண்டு சின்ன ஓட்டைகள் விட்டு மெல்லிய வலைத்துணி ஒட்டுங்கள். அடைத்த பெட்டிக்குள் ஈரம் நின்றால் பூஞ்சணம்தான். தோணி ஏராவில், அதாவது அடி நடுமரத்தில், மட்டும் நிற்காமல், இரண்டு இடத்தில் வளைவுக்கு ஏற்ப வெட்டிய தாங்கி வையுங்கள், அதில் மெல்லிய கம்பளித் துணி ஒட்டுங்கள்.

கொண்டுபோகும்போது ஓட்டோதான் நல்லது. நீங்கள் பின்னால் இருந்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், பாய்களைச் சுருட்டிக் கட்டியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் வேண்டாம். கல்லடிப் பாலத்தில் அடிக்கிற காற்றுக்கு இரண்டடித் தோணியின் பாய் போதும், ஓட்டுகிறவர் தடுமாற.

தாங்கிக்கு அடியில் ஒரு தாள் மடித்து ஒட்டுங்கள். எந்தப் பலகையை எந்தப் பசையால் ஒட்டியது, பாய்மரத்தில் எந்தத் துண்டு புதிது, நூல் என்ன, எந்த வருடம், எல்லாம் பென்சிலால், ஏனென்றால் பேனை மை ஈரத்தில் ஊறிவிடும். பழைய நூல் உறையையும் அதோடு வையுங்கள். உங்கள் போன் நம்பரையும் எழுதிவிடுங்கள். முதல் மாரி முடிந்து கச்சான் தொடங்கும்போது எங்காவது ஒரு கயிறு தொய்யும், கூப்பிடுவார்.